ஷூர்-ஃபுட்டட் ரோஜா

“நம்ம ரோஜா ஆத்து வெள்ளத்து மேலயே நடந்து போவா நைனா. குளம்பு நனையாது!”

பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டும் பக்கீர் முகம்மது இப்படிச் சொன்னால் டீக்கடை பெஞ்சே சிரிக்கும். எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பவர் புதுவாயல் குப்புராஜ். நெல் விவசாயி. பார்க்காததை நம்பமாட்டார், பார்த்ததையும் பாதிதான் நம்புவார்.

பாய்க்கு இத்தனை திமிர் வரக் காரணம் ஒரு மாட்டு டாக்டர். பழவேற்காட்டுச் சேற்றில் மீன்கூடை சுமந்து வளர்ந்த குதிரை ரோஜா. தரை தாங்குமா என்று குளம்பால் தட்டிப் பார்த்துத்தான் அடுத்த காலை வைப்பாள். அதைப் பார்த்த டாக்டர், “ஷூர்-ஃபுட்டட்” என்றார். தடுமாறாத கால் என்று அர்த்தமும் சொன்னார். அன்றிலிருந்து பாய் அந்த வார்த்தையை வைக்காத இடமில்லை. கொள்ளு ஷூர்-ஃபுட்டட், மச்சான் ஷூர்-ஃபுட்டட், மட்டன் குருமாவும் ஷூர்-ஃபுட்டட்.

“குருமாவுக்கு ஏது பாய் காலு?” என்பார் குப்புராஜ்.

“ஆட்டுக்கு இருந்துச்சே நைனா!”

ஐம்பத்தாறாம் வருஷம் கார்த்திகையில் ஆரணியாறு ரோட்டை விழுங்கியது. மழை விட்டும் வெள்ளம் வடியவில்லை, ரயிலும் நின்றுபோனது. அக்கரையில் குப்புராஜின் மகள் கங்கம்மாவுக்குத் தலைப்பிரசவ வலி, குழந்தையோ குறுக்கே கிடந்தது. ரயில் பாலத்தில் தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகளில் தவழ்ந்தே இக்கரை வந்த குப்புராஜ், மருத்துவச்சி மரியம் பீவியிடம் கைகூப்பி அழுதார்.

“மூட்டு மடங்கல தம்பி. கட்டை கட்டையா எப்டி தாண்டுவேன்?”

பாய் ஜட்காவை அவிழ்த்தார். “ரோஜா மேல ஏறுங்க பீவிம்மா.”

“பாலத்துலயா? வுழுந்தா எம்பொண்ணும் பூடுவா பாய்!”

“வாலைப் புடிச்சிக்கினு வா நைனா. கீழ பாக்காத.”

கீழே யானையையே புரட்டும் வெள்ளம். பாய் கடிவாளம் பிடித்துப் பக்கத்தில் நடக்க, ரோஜா ஒவ்வொரு கட்டையாகத் தட்டினாள், காலை வைத்தாள். நடுப்பாலத்தில் ஒரு கட்டையைத் தட்டிவிட்டு நின்றாள்.

“ரெண்டு போடு பாய்!” என்று கத்தினார் குப்புராஜ். பாய் சாட்டையைத் தொடவில்லை. ரோஜா அந்தக் கட்டையை விட்டு அடுத்ததற்கு எட்டி வைத்தாள். பின்னால் வந்த குப்புராஜின் பாதம் பட்டதும் உளுத்திருந்த அந்தக் கட்டை உடைந்து ஆற்றில் போனது. வாலைப் பிடித்த கை அக்கரைவரை விடவில்லை.

பொழுது சாய்வதற்குள் கங்கம்மாவுக்குப் பெண் பிறந்தது.

அடுத்த வாரம் பாய் பழைய பாட்டை ஆரம்பித்ததும் பெஞ்சு சிரித்தது. குப்புராஜ் டீயைக் கீழே வைத்தார்.

“இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க? வாலைப் புடிச்சிக்கினு பின்னாலயே போனவன் நானு. வெள்ளத்து மேலதான் நடந்தா. குளம்பு நனையல.”