அச்சில் முளைத்த பல்

தாடை டாக்டரின் அலமாரியில் இருந்த பிளாஸ்டர் வாய்களில் ஒன்று மூட மறுத்தது. அங்கே சிகிச்சைக்கு வரும் ஒவ்வொரு குழந்தையின் மேல்வாய்க்கும் கீழ்வாய்க்கும் அச்சு எடுத்து, இரண்டின் பின்பக்கத்தையும் ஒரே மட்டமாகச் சீவி வைப்பார்கள். பின்பக்கத்தை மேஜையில் ஊன்றி நெருக்கினால், அந்தக் குழந்தை எப்படிக் கடிக்குமோ அப்படியே பற்கள் பொருந்திக்கொள்ளும். இந்த ஜோடி மட்டும் பொருந்தவில்லை. ஒரு நூல் இடைவெளி நின்றது. டாக்டரம்மா அச்சு வார்க்கும் அச்சுக்காரரைக் கடிந்துகொண்டார். அச்சுக்காரர் முதலில் ஈரம் என்றார், பிறகு எலி என்றார், கடைசியில் உப்புத்தாள் எடுத்துத் தேய்த்துப் பொருத்தினார். சில வாரங்களில் இடைவெளி திரும்ப வந்தது. அதற்கப்புறம் அந்த வாயிலிருந்து ஒரு முன்பல் விழுந்து அலமாரித் தட்டில் கிடந்தது. நிஜமான பால்பல் விழும்போது, கீழிருந்து வரும் பல் அதன் வேரைக் கரைத்துவிடுவதால் அடிப்பக்கம் குழிந்திருக்கும். இதுவும் அப்படித்தான் குழிந்திருந்தது. அச்சுக்காரர் அதை உடைந்த சில்லு என்று நினைத்துக் கூடையில் போட்டார்.

பள்ளி விடுமுறை வந்து, பழைய குழந்தைகளைத் திரும்ப அழைக்கும் வேலை தொடங்கியபோது டாக்டரம்மா அந்த அச்சைக் கையில் எடுத்தார். ஏழு வயதில் எடுத்த அச்சில் ஒன்பது வயதுப் பற்கள் இருந்தன. தான் விடுப்பில் இருந்த நாட்களில் குழந்தை வந்துபோயிருக்கிறது, அச்சுக்காரர் புதிதாக அச்சு எடுத்திருக்கிறார் என்று அவர் முடிவு கட்டினார். வேறு எப்படி நினைக்க முடியும்? வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னார், அவள் அந்த வீட்டுக்குப் போன் போட்டாள். “உங்க பொண்ணுக்குப் பல்லெல்லாம் நல்லா மொளச்சிருக்குக்கா. ஆனா மேல்தாடை குறுகலாவே நிக்குதாம். இனிமேலும் தள்ளிப் போடாதீங்க, கூட்டிட்டு வாங்க” என்றாள். அந்தப் பக்கம் தாயின் குரல் கேட்டது: “எந்தப் பக்கம் மொளச்சிருக்கு?”

தாய் செருப்புக் கடையில் விற்பனை வேலை பார்ப்பவள். கடைச் சட்டையோடு, குழந்தை இல்லாமல் வந்தாள். குழந்தை இரண்டு வருடத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டது. தாடையை விரிக்கும் தகடு மாட்ட வேண்டிய அதே வாரம். யாரும் கிளினிக்குக்குத் தகவல் சொல்லவில்லை; அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? வரவேற்புப் பெண் மேஜைக்குக் கீழே ஏதோ தேடுகிறவளைப் போலக் குனிந்துகொண்டாள். தாய் அச்சை எடுத்துப் புதுப் பற்களின் ஓரத்தை விரல் நுனியால் தடவினாள். புதிதாக முளைத்த முன்பல்லின் விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கும், கடித்துக் கடித்துத்தான் மழுங்கும். இது மழுங்கவில்லை. “ஒண்ணும் சாப்பிடல” என்றாள் தாய். வீட்டில் அந்தக் குழந்தைக்கு வாயாடி என்று பெயர்.

கோளாறு பழையதுதான். வாயாடியின் மேல்தாடை குறுகல், கீழ்தாடை அகலம். பெட்டியைவிட மூடி சிறிதானால் எப்படிப் பொருந்தும்? அதனால் கடிப்பதற்கு அவள் கீழ்தாடையை இடப்பக்கம் நகர்த்திக்கொள்வாள். வளர்கிற எலும்பு எப்படிப் பழக்குகிறோமோ அப்படித் திரும்பும். நாளடைவில் ஒருபக்கம் நீண்டு முகமே கோணிவிடும். ஆனால் சிறுவயதில் இதற்கு வழி உண்டு. அண்ணம் என்பது ஒரே எலும்பல்ல, நடுவில் தையல் போட்ட இரண்டு பாதி. அந்தத் தையல் இறுகுவதற்கு முன், நடுவில் திருகு வைத்த தகடு ஒன்றை மாட்டி, சின்னச் சாவியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் இரண்டு பாதியும் விலகும். பன்னிரண்டு வயதுக்கு மேல் தையல் இறுகிவிட்டால் கத்திதான். இதையெல்லாம் டாக்டரம்மா அன்றே விளக்கியிருந்தார், தாய் ஒரு சொல்லையும் மறக்கவில்லை.

“கிளிப் போட்டுடுங்க டாக்டரம்மா” என்றாள்.

பஸ் ஓட்டும் தகப்பன் கேள்விப்பட்டு மறுநாள் வந்து தாயிடம் கத்தினார். “உனக்குப் புத்தி பிசகிப்போச்சா? செத்துப்போனவளுக்குக் கிளிப்பா?”

“செத்தவளுக்கு இல்லீங்க. வளர்றாளே, அவளுக்கு.”

“வளந்து? யாரப் பாத்துச் சிரிக்கப் போறா?”

“யாரயும் பாக்க வேணாம். அவ மூஞ்சின்னு இனி வளர்றது இது ஒண்ணுதான். அது கோணிட்டு வளரணுமா?”

தகப்பன் அச்சை வாங்கிப் பார்த்தார். மேல்வரிசையில் கோரைப்பல்லுக்கு இடமே இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. “எங்க அம்மா தாடை” என்று மட்டும் சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனார். அதற்குப் பிறகு தகட்டுச் சாவியைத் தன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டவரும் அவர்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் செய்த தகடு இப்போது சிறிதாகிவிட்டது. அச்சுக்காரர் புதிதாகச் செய்தார். முதல் திருகலில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் பீங்கான் கோப்பை விரிவது போலச் சத்தம் கேட்டு, அண்ணம் நெடுக விரிசல் ஓடியது. உயிருள்ள குழந்தைக்கு முன்பற்கள் இரண்டும் நடுவில் விலகினால் அது நல்ல அறிகுறி. தாய்மார்கள் பயப்படுவார்கள், டாக்டர் சந்தோஷப்படுவார். இங்கே விலகல் விலகலாகவே நின்றது, ஓரத்தில் மாவு உதிர்ந்தது. புதுப் பிளாஸ்டர் வைத்து அடைத்தார்கள். அது காய்ந்து பொடியாகக் கொட்டிற்று. பொடியைப் போக்கலாம் என்று தாய் குழாயடியில் வைத்துப் பிரஷ்ஷால் பல் தேய்த்துவிட்டாள், பாசத்தில். பச்சைத் தண்ணீர் பிளாஸ்டரைக் கரைக்கும். ரம்பம் போலிருந்த விளிம்புகள் சோப்புத் துண்டு மாதிரி வழவழத்துவிட்டன. அதற்குப் பின் பல மாதம் அந்த வாயில் எதுவும் முளைக்கவில்லை. இரண்டாம் முறையும் பறிகொடுத்துவிட்டோமே, அதுவும் என் கையாலேயே என்று மருகி, தாய் செருப்புக் கடையில் அளவு மாற்றி மாற்றி எடுத்துக் கொடுத்துத் திட்டு வாங்கினாள். பிறகு ஒருநாள் கீழ்வாயில் ஒரு கடைவாய்ப்பல்லின் முனை வெளியே வந்தது. கிளினிக்கில் எல்லோரும் டீ குடித்தார்கள். ஆனால் கீழ்தாடை வளர வளர, பிளந்து கிடந்த மேல்தாடை இன்னும் பின்தங்கிப்போனது. மாதம் ஒருமுறை தாயும் தகப்பனும் வந்து, மற்றக் குழந்தைகளோடு வரிசையில் உட்கார்ந்து, துணியில் சுற்றிய அச்சை மடியில் வைத்துக் காத்திருந்தார்கள். அதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. ஒரு சிறுமி மட்டும் எட்டிப் பார்த்து, “இவளுக்கு என்னைவிட மோசம்” என்றாள்.

டாக்டரம்மாவுக்குப் பதினோரு வயதுப் பற்களைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. திருகு தாடையை வளர்க்கிறது என்று அவர் இத்தனை காலம் பெற்றோர்களிடம் சொல்லிவந்தது பாதிதான் உண்மை. திருகு செய்வதெல்லாம் ஓர் இடைவெளியை உண்டாக்குவது. அந்த இடைவெளிக்குள் ரத்தம் கசிந்து, எலும்பாகி, நிரம்புவது குழந்தையின் வேலை. விளையாடும்போதும் தூங்கும்போதும் அது பாட்டுக்கு நடக்கும், குழந்தைக்கே தெரியாது. வாயாடிக்கு அந்த வேலையைச் செய்ய வாயாடி இல்லை. அப்படியானால் வெளியிலிருந்து ஒருவர் செய்ய வேண்டும். புது மாவு ஏன் நிற்கவில்லை என்பதும் அப்போதே விளங்கிவிட்டது: காய்ந்த பிளாஸ்டருக்குத் தாகம் அதிகம், புது மாவின் தண்ணீரை உறிஞ்சிவிடும். முதலில் அதன் தாகத்தைத் தீர்க்க வேண்டும்.

அதன்படி செய்தார்கள், அண்ணம் விரிந்தது, கோரைப்பல்லுக்கு இடம் கிடைத்தது, கீழ்தாடை நடுவுக்கு வந்தது. முகம் கோணவில்லை என்று டாக்டரம்மா அளந்து சொன்னார். அந்த முகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதும், கடைசிப் பல் முளைத்ததும் இந்த வளர்ச்சியும் நின்றுவிடும் என்பதும் அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதுவரை மாதாமாதம் செய்ய வேண்டியது இதுதான். பச்சைத் தண்ணீர் கூடாது. பிளாஸ்டர் கரைத்துத் தெளிந்த, இனி அச்சைக் கரைக்காத நீரில் அச்சைக் குமிழி அடங்கும்வரை ஊறவைக்க வேண்டும். தகப்பன் சாவியைக் கால் சுற்றுத் திருக வேண்டும், அதற்கு மேல் கூடாது. திறந்த இடைவெளியில் அச்சுக்காரர் நீர்த்த மாவை மெல்லிய தூரிகையால் விட வேண்டும். மாவு இறுகும்போது தானாகச் சூடாகும், ஒரு குழந்தையின் வாய் அளவுக்கு. அந்த நேரத்தில் அசையாமலிருக்கத் தாய் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். சூடு அடங்கினால் இறுகிவிட்டது என்று அர்த்தம். பிறகு கீழே வைத்துவிடலாம்.