தான்சியோன் மாத்திரை

என் அப்பா ஆதிமூலத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை. வீட்டுக்கு யார் வந்தாலும் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுவரைக் காட்டுவார். “எம் பொண்ணு ஜெயம் பட்டம் வாங்குன போட்டோ. எங்க வம்சத்துலயே மொத ஆளு.” அவர் காட்டுவது என் போட்டோவை அல்ல, பக்கத்தில் தொங்கும் உரக்கடைக் காலண்டரை. அதில் ஓர் எருமை நிற்கிறது. வந்தவர்களும், “அப்படியே உன் ஜாடை” என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போவார்கள். இதற்கா நான் விழுந்து விழுந்து படித்தேன்?

கண் டாக்டர் கத்தியைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். “பிரஷர் ஏகத்துக்கு இருக்கு. மொதல்ல அது இறங்கணும்.”

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வைத்தியம் பார்ப்பவர் சவரிராயன் டாக்டர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிரெஞ்சில் படித்த கிழவர். நான் வேலைக்குப் போயிருந்தபோது அப்பா தனியாகப் போய் அவரிடம் மாத்திரை வாங்கி வந்தார். டப்பா காலியாகக் காலியாக நான் நிரப்பினேன். மறுபடி கண் டாக்டரிடம் போனால், பிரஷர் முன்பைவிட ஒரு படி மேலே.

அந்த வாரம் பக்கத்து வீட்டு அரிகிருஷ்ணன் மகளைப் பெண் பார்க்க ரெட்டியார்பாளையத்திலிருந்து வந்தார்கள். நானும் அப்பாவும் அங்கே இருந்தோம். அரிகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து விசுக்கென்று எழுந்தார், கை கூப்பினார், கூப்பிய கையோடு மாப்பிள்ளையின் அப்பா காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“ஐயோ, எழுந்திருங்க சம்பந்தி! இவ்ளோ மரியாத எதுக்கு? பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு!”

பெண் இன்னும் உள்ளேயிருந்து வரவே இல்லை.

தண்ணீர் தெளித்ததும் அரிகிருஷ்ணன் கண் திறந்தார். “ஆதிமூலம் அண்ணே, நீங்க ஒண்ணு போடச் சொன்னீங்க. நான் மூணு போட்டுட்டேன்.”

அப்பாவை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தேன்.

“அவனுக்கு டென்ஷன், குடுத்தேன். எதுத்த வீட்டு அஞ்சலாட்சிக்கு மருமவளப் பாத்தாலே டென்ஷன், அதுக்கும் குடுத்தேன். டென்ஷன் மாத்திரைன்னு டாக்டருதான் சொன்னாரு.”

“நீ போட்டியா?”

“எனக்கு ஏது டென்ஷன்? அதெல்லாம் மில்லுல மேஸ்திரியோட மாரடிச்சதோட போச்சு.”

டாக்டர் சொன்னது ‘தான்சியோன்’, அப்பா காதில் விழுந்தது ‘டென்ஷன்’. பிரெஞ்சில் ரத்த அழுத்தத்துக்கு அதுதான் பேர். மனசு நிம்மதியாக இருந்தாலும் ரத்தம் குழாயில் முட்டும், தினமும் போட வேண்டும் என்று தொண்டை கிழியச் சொன்னேன்.

“அவரு பிரெஞ்சுல படிச்ச டாக்டரு. நீ பி.ஏ. வரலாறு.”

டாக்டரையே கூட்டிவந்தேன். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டி, “வுய், வுய், தான்சியோன். தினமும் போடணும், முசியே” என்றார்.

“பாத்தியா? அவரே டென்ஷன்னுதான் சொல்றாரு. தினமும் வந்தா தினமும் போடுறேன். வரலியே?”

வரவைக்கிறேன் என்றேன்.

மறுநாளிலிருந்து காலைக் காபி இறங்கியதும் சண்டையை ஆரம்பித்தேன். அவர் சுருட்டு, அவர் கருவாடு, எருமைக் காலண்டர், ஊரான் குடும்பத்தையெல்லாம் குப்புறத் தள்ளிய தர்மப்பிரபுத்தனம். எதைச் சொன்னாலும் கொஞ்ச நேரத்தில், “ஐயோ, டென்ஷன் ஆவுதே” என்று கையை நீட்டுவார். அம்மா கன்னியம்மாள் மாத்திரையும் சொம்புமாக நிற்பாள். ஒருநாள் எனக்குக் குரல் கட்டிக்கொண்டது. அம்மா பொறுப்பெடுத்தாள். அவளிடம் கல்யாணமான நாளிலிருந்து சேர்த்த சரக்கு இருந்தது. அப்பா இரண்டாவது மாத்திரைக்கும் கை நீட்ட, நான் டப்பாவைப் பிடுங்கிப் பரணில் போட்டேன்.

பிரஷர் இறங்கியது. ஆபரேஷனும் முடிந்தது. சோடாப்புட்டிக் கண்ணாடியை மாட்டிவிட்ட கண் டாக்டர், “பிரஷர் மாத்திரைய விட்டுடாதீங்க, பெரியவரே. ஆயுசுக்கும் போடணும். படுத்து எழுந்திருக்கும்போது மெதுவா எழுந்திருங்க” என்றார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சுவரிடம் போனார். எருமையைப் பார்த்தார். திடுக்கிட்டார். பக்கத்தில் பார்த்தார். அங்கியும் தொப்பியுமாக நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன். மூக்கு சுவரில் இடிக்கும்வரை கிட்டே போய்ப் பார்த்தார்.

“போட்டோக்காரங்கிட்டயும் சண்டையா?”

“சிரிங்க, சிரிங்கன்னான்.”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கே பாவமாக இருந்தது போலிருக்கிறது.

“ஆயுசுக்கும்னுட்டாரு டாக்டரு. உன் தொண்ட தாங்குமா, பாப்பா?”