தலைக்கு மேல் போகாத தண்ணீர்

கருங்கல்மலைத் தேயிலைத் தோட்டத்து ஜீவராஜ் திருகோணமலையில் முதன்முதலாக ஆழக் கடலில் இறங்கிய அன்று, கடல் அவனுக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றது. பட்டப்பகலில், கடற்படையின் சுழியோடிப் பயிற்சி வகுப்பு முழுவதும் படகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் இது நடந்தது. முதுகில் காற்றுக் குடுவை, இடுப்பில் ஈயக்கட்டி எல்லாம் மாட்டிக்கொண்டு முறைப்படிதான் குதித்தான். தண்ணீர் கழுத்துவரை ஒழுங்காக வந்தது. அதற்குமேல் மாட்டேன் என்று சுற்றிலும் விலகிக்கொண்டது. ஈயக்கட்டி அவனை இழுக்க இழுக்க, தண்ணீரும் விலக விலக, கடைசியில் கடல் நடுவே வட்டமாக ஒரு கிணறு உண்டாகிவிட்டது. அதன் அடியில் காய்ந்த மணலில் ஜீவராஜ் நின்றுகொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மேலே அண்ணாந்து பார்த்தான். பயிற்சியாளர் பண்டார படகிலிருந்து எட்டிப் பார்த்து, "மொகக்த மே?" என்று சிங்களத்தில் கேட்டார். இது என்னடா கூத்து என்று அர்த்தம். அவனுக்கும் தெரியவில்லை.

தெரிந்த ஒரே ஆள் அவன் அம்மா காளியாயி. தோட்டத்துப் பிள்ளைகள் படிப்பு முடிந்தால் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போவார்கள், ஒரு சிலர் ஆசிரியராவார்கள். கடற்படைக்குப் போனவன் ஜீவராஜ் ஒருவன்தான். அதற்குக் காரணமும் தண்ணீர்தான். அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், காளியாயியின் தம்பி செல்லசாமி தோட்டத்துக்குக் கீழே இருக்கும் நீர்த்தேக்கத்தில் குளிக்க இறங்கி, மேலே வரவேயில்லை. கடற்படைச் சுழியோடிகள் வந்து, அந்தக் குளிரில் பல் கிட்டக் கிட்டத் தேடினார்கள். கிடைக்கவில்லை. கரையில் நின்று பார்த்த ஜீவராஜுக்கு அன்றே ஆசை பிடித்துவிட்டது. காளியாயிக்குப் பயம் பிடித்துவிட்டது. மகன் பெட்டியைக் கட்டியதும், தடுத்துப் பயனில்லை என்று கண்டு, அவள் தேயிலை ஆலையான ஸ்டோருக்குப் போய் ரோதைமுனியிடம் நேர்ந்துகொண்டாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. கடலுக்கென்று எத்தனையோ சாமிகள் இருக்கிறார்கள். ரோதைமுனி பாவம், தேயிலை ஸ்டோரில் ரோதை என்கிற இயந்திரச் சக்கரங்களுக்குக் காவல் இருக்கிற சாமி. வார் அறுந்துவிடாமல், ஆட்கள் கை சக்கரத்தில் சிக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. சொன்னதைச் சொன்னபடி செய்வார், கூடவும் இல்லை குறையவும் இல்லை. காளியாயி ஒரு சேவலைக் காட்டி, "என் புள்ள தலைக்கு மேல தண்ணி போகக்கூடாது சாமி" என்று கும்பிட்டாள். அவ்வளவுதானே என்று முனியும் எடுத்துக்கொண்டார்.

பண்டார நியாயமான மனிதர். பையன் கெட்டிக்காரன், கரையில் உட்கார்ந்து மூச்சு அடக்குவதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் படைச் சுழியோடியின் வேலை என்ன? கண்ணில் படாமல் போய்க் கப்பலின் அடியில் வெடி கிடி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. போகிற இடமெல்லாம் ஒரு கிணற்றையும் கூட்டிக்கொண்டு போனால் கொழும்பிலிருந்து பார்த்தாலும் தெரியுமே! அதனால் லீவு கொடுத்து அனுப்பினார். தைப்பொங்கல் கழிந்து நடக்கும் பரீட்சைக்குள் இதைச் சரிபண்ணிக்கொண்டு வரவேண்டும். இல்லாவிட்டால் சுழியோடிச் சின்னம் கிடையாது, கப்பல் சமையலறையில் வெங்காயம் உரிக்கவேண்டியதுதான் என்றார்.

ஊருக்கு வந்தால் அங்கேயும் இதே கதை. மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கப் போனால் தண்ணீர் அவன் தலையைச் சுற்றிக்கொண்டு தோளில் விழுந்தது. மழை அவன் உச்சிக்கு நேரே வந்ததும் இரண்டாகப் பிரிந்து போனது. ஹட்டன் பஸ் நிலையத்தில் அவன் பக்கத்தில் நிற்கச் சனங்கள் முண்டியடித்தார்கள். குடை எடுத்துவர மறந்தவர்களுக்கு நல்ல வசதி. பக்கத்து வீட்டு வரிசையான லயத்துப் பிரியந்தி, கல்யாணத்துக்குக் கட்டின சேலை நனையாமலிருக்க டிக்கோயா வரைக்கும் அவனோடு ஒட்டிக்கொண்டே நடந்தாள். ஜீவராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. எந்நேரமும் வெங்காய மூட்டைதான் கண் முன்னால் நின்றது.

அம்மா நேர்ந்துகொண்டதை அவள் வாயாலேயே கேட்டறிந்து, அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லி அவள் காலைப் பிடித்தான். காளியாயி அசையவில்லை. சேவலை வேண்டுமானால் இரண்டாக்குகிறேன், வாக்கை மாற்றமாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அடுப்பைப் பார்த்தபடியே காரணத்தைச் சொன்னாள்.

"ஒன் மாமன் கீழ தனியா கெடக்கான் தம்பி. தொணைக்கு ஆள் தேடுவான். ஒன்னயத்தான் தூக்கி வளத்தான், ஒன்னயத்தான் கூப்புடுவான்."

ஜீவராஜ் அவள் கையைப் பிடித்து எழுப்பினான். "அப்ப வாங்கம்மா, நேரா போயிப் பாத்துட்டு வந்துருவோம்" என்றான்.

அந்திக் கொழுந்து நிறுப்பதற்கு முன்னால், வெயில் இருக்கும்போதே நீர்த்தேக்கத்துக்குப் போனார்கள். கரையில் அவள் தயங்கியதால் அவளை உப்பு மூட்டையாகத் தூக்கிக்கொண்டான். கழுத்தளவு போனதும் தண்ணீர் மரியாதையாக விலகியது. சேற்றுச் சரிவில் அவன் இறங்க இறங்க, இரண்டு பக்கமும் தண்ணீர்ச் சுவர் உயர்ந்தது. உள்ளேயிருந்து மீன்கள் வேடிக்கை பார்த்தன. அடிக்குப் போனதும் காளியாயி இறங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். அணை கட்டுமுன் இருந்த லயத்தின் அத்திவாரமும் அரைச் சுவர்களும் கிடந்தன. தேயிலைக் கட்டைகள் வரிசை மாறாமல் நின்றன. லயத்து அறையான ஒரு காம்பிராவுக்குள் அடுப்புக் கல்கூட அப்படியே இருந்தது. அவள் ஒவ்வொரு காம்பிராவாக எட்டிப் பார்த்து, "செல்லசாமி, டேய் செல்லசாமி" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. இத்தனை வருஷமும் இங்கே குந்திக்கொண்டு தன் மகனுக்காகக் காத்திருக்கிறான் என்று அவள் நினைத்திருந்தவன், இங்கே இல்லவேயில்லை. தம்பியை இன்னொரு தரம் பறிகொடுத்ததுபோல் அழுதாள். அழுது முடித்தபோது நெஞ்சில் இருந்த பாரமும் இறங்கியிருந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, "இங்க யாருமே இல்லடா" என்றாள்.

காளியாயி எந்த வேலையையும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டவள் அல்ல. ஸ்டோர் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்து, "போதும் சாமி, விட்ரு" என்று சொல்லிவிட்டாள், அந்த இடத்திலேயே நின்றுகொண்டு! மேலே ஸ்டோரில் கரண்ட் இருக்கும்போதே ரோதை ஒரு கணம் நின்று மறுபடி ஓடியதாம். கீழே, மாதக்கணக்காக ஒதுங்கியே நின்று அலுத்துப்போயிருந்த தண்ணீர் மொத்தமும் இருவர் தலைமேலும் இறங்கியது.

நீச்சல் தெரியாத அம்மாவை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காற்றுக் குடுவை இல்லாமல், கற்றுக்கொடுத்த எதையும் மறக்காமல் ஜீவராஜ் மேலே வந்தான். அவனுடைய முதல் சுழியோட்டம் அதுதான். பிறகு பரீட்சையில் அவன் தேறியதும், ரோதைமுனிக்குச் சேவல் போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் அறிந்தது. மேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நீர்த்தேக்கம் திறந்ததையும் மூடியதையும் பார்த்தார்கள். இருவரும் கரையேறியதும், நிறுவைக்கு நேரமாகிறதென்று கூடையோடு நடையைக் கட்டினார்கள்.

காளியாயி குடித்த தண்ணீரையெல்லாம் இருமித் துப்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள். அவன் முடியிலிருந்து தண்ணீர் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. அவனைக் குனியச் சொல்லி, தன் ஈர முந்தானையையே முறுக்கிப் பிழிந்து நீட்டினாள்.

"நல்லா தொவட்டு தம்பி" என்றாள். "சளி புடிச்சுக்கும்."