ஆவணி வரை பொறுத்த கையெழுத்து

இன்றைய மாலை மொழி வகுப்புக்கு ஆளுக்கொரு டேனிஷ் சொல் கொண்டுபோக வேண்டியிருந்தது. நான் கொண்டுபோனது 'ரெட்மெஸ்ஸி'. இறுதிச்சடங்கை ஒழுங்கு செய்பவர் போனவாரம் சாரங்கி அக்காவிடம் சொன்ன சொல்.

ஆனியில் ஹேர்னிங் மண்டபத்தில் துவாரகன் அத்தான் அக்காவுக்குத் தாலி கட்டினார். நகரசபையில் பதிவதற்குக் கிடைத்த நாள் ஆடிக்குள் விழுந்தது.

"ஆடியில கையெழுத்து வேண்டாம் பிள்ளை. ஆவணி பிறக்கட்டும்" என்றார் அத்தானின் அம்மா, சுசீலாதேவி மாமி.

அத்தான் சிரித்தார். "தாலி கட்டியாச்சு. இனி டென்மார்க் எங்க ஓடப்போகுது?"

அதுவரை அவர் கிரின்ஸ்டெட்டில் தன் பெற்றோருடன், அக்கா எங்களுடன். ஆடி முடிய முன்னரே, வேலைக்குப் போகும் வழியில், கார் விபத்தில் அவர் போய்விட்டார்.

அக்கா கேட்டது ஒன்றுதான். சாம்பலை இங்கே மேற்குக் கரைக் கடலில் விடவேண்டும். நினைத்தபோது போய் நிற்கலாம். மாமி யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோகவேண்டும் என்றார். ஒழுங்கு செய்பவர் பதிவைப் பார்த்தார். அத்தான் மணமாகாதவர் என்றிருந்தது, விலாசமும் வேறு. 'ரெட்மெஸ்ஸி' என்று பார்த்தால் உரிமை பெற்றோருக்கே என்றார்.

ஆசிரியை பியர்தே அந்தச் சொல்லைப் பலகையில் இரண்டாகப் பிரித்தார். 'ரெட்' என்றால் சட்டம், நியாயமும் அதுவே. மற்றப் பாதி ஜெர்மனிலிருந்து வந்ததாம், அதன் அடியில் இருப்பது 'அளவு'. நியாயத்தின் அளவுக்குப் பொருந்தியது. சரியாகத்தான் குறித்துக்கொண்டேனா தெரியவில்லை. தமிழில் என்ன என்று கேட்டார். 'முறையான' என்றேன். எங்களிடம் முறை என்றால் உறவும்தான் என்று பிறகுதான் தோன்றியது. அதைச் சொல்ல டேனிஷ் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பிற்பகல் நடந்ததை முதலில் எழுதியிருக்க வேண்டும். சாம்பல் கலசத்தை எடுக்க மாமியும் அக்காவும் நானும் போனோம். மாமி கையெழுத்திட்டார். காரில் ஏறியதும் அக்கா கடைசியாக ஒருமுறை கேட்டாள்.

"இங்கத்தக் கடலிலயே விடுவமே, மாமி?"

"நான்தானே ஆவணியெண்டு நிப்பாட்டினனான். பிழை என்ர தான். ஆனா அவன் என்ர பிள்ளையடி. விடமாட்டன்."

"ஓம் மாமி."

கொஞ்ச நேரத்தின்பின் மாமி கலசத்தைத் தூக்கி அக்காவின் மடியில் வைத்தார். "வீடு வரைக்கும் நீ வைச்சிரு."

மாமி வீடு கிட்டத்தான். முடிந்த மட்டும் மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். இன்னும் மெதுவாக்கினேன்.