கல்லாய் நின்ற பிரேக்

ஜீப்புக்கு அடியில் படுத்து நட்டு முறுக்கிக்கொண்டிருந்த என்னை இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தார்கள். கண்ணைத் திறந்து பார்ப்பதற்குள் முதல் உதை விலாவில் விழுந்தது. அடுத்தது வாயில். கடைவாய்ப் பல் ஒன்று கழன்று நாக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. கச்சிராயபாளையத்தில் பதினான்கு வருடமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், சட்டையைப் பிடித்தவர்கள் உண்டு. காலை பத்து மணிக்கு இப்படி யாரும் வந்ததில்லை.

"பிரேக்காடா போட்ட? அதுக்குப் பேரு பிரேக்காடா?"

தரையில் கிடப்பவனுக்கு முகம் தெரியாது, கால்கள்தான் தெரியும். ஐந்து ஜோடிக் கால்கள். நாலு பேர் செருப்பு போட்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் வெறுங்கால். அந்த வெறுங்கால்தான் என்னை அதிகமாக உதைத்தது. விரல்களில் ரத்தம் காய்ந்திருந்தது. அது என் ரத்தம் இல்லை.

நான் சும்மா வாங்கிக்கொண்டு கிடக்கும் ரகம் இல்லை. கையில் ஸ்பானர் இருந்தது. எட்டிய முழங்காலில் ஓங்கி ஒரு போடு போட்டேன். ஒருவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு மண்டையில் ஜாக்கிக் கம்பியால் பதில் கொடுத்தார்கள்.

தூக்கி நிறுத்தியபோதுதான் முகங்களைப் பார்த்தேன். வெறுங்கால் அன்புச்செல்வனுடையது. சங்கராபுரம் பக்கம் கரும்பு, மரவள்ளி போடுகிற குடும்பம். போன செவ்வாய்க்கிழமை அவருடைய வெள்ளைக் காருக்கு நான்தான் புது பிரேக் பேட் மாட்டி, பிரேக் ஆயில் மாற்றிக் கொடுத்தேன். கோமுகி அணை வரை நானே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். பக்கத்தில் என் சட்டையைப் பிடித்திருந்தவன் பூமாலை, அன்புச்செல்வனின் மனைவி ராதிகாவுக்கு அண்ணன்.

"என் தங்கச்சி போய்ட்டாடா," என்றான் பூமாலை. அவன் எச்சில் என் முகத்தில் தெறித்தது. "விடியக்காலைல வெள்ளிமலைலேந்து எறங்கிக்கினு வந்தாங்க. கடைசி வளைவுல பிரேக்கு புடிக்கல. கொயந்த கையி ஒடிஞ்சி கெடக்குது. என் தங்கச்சி ஆஸ்பத்திரி வாசல்லயே போய்ட்டா."

ரோட்டில் டிராக்டர் நின்றது. அதன் பின்னால் சங்கிலியில் கட்டியிருந்த கார் மூக்கில்லாமல் இருந்தது. இடது பக்கம் முழுவதும் சீட்டு வரை நசுங்கியிருந்தது. ராதிகா உட்கார்ந்திருந்த இடம் அதுதான். செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணும் கூட வந்திருந்தது. எதிர்க்கடை கண்ணாயிரத்திடம் டீ வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லா பாத்து செய்ங்கண்ணா, கொயந்தய ஏத்திக்கினு போற வண்டி," என்று சொன்னது. நான் மாட்டிய பேடில் கோளாறு இருக்குமோ என்று ஒரு கணம் நானே சந்தேகப்பட்டேன்.

"போலீஸ் வர்றதுக்குள்ள வண்டிய இட்டாந்துட்டோம். உன் பட்டறையோட சேத்து கொளுத்தப் போறோம். அதுக்கு முன்னாடி கைய நீட்டு. எந்தக் கையாலடா பிரேக்கு போட்ட?" என்றான் பூமாலை.

நான் நீட்டவில்லை. மூன்று பேர் சேர்ந்து நீட்டினார்கள். மேசையில் பொருத்தியிருக்கிற இரும்பு இடுக்கியில், வைஸில், என் வலது கையை நுழைத்துப் பூமாலை கைப்பிடியைச் சுற்றினான். இரும்பைப் பிடித்து நிறுத்துவதற்கு என்று நானே வாங்கி வைத்தது. நன்றாக எண்ணெய் போட்டு வைத்திருந்தேன், வழுக்கிக்கொண்டு சுற்றியது. சுண்டு விரல் முதலில் போனது. காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். கண்ணாயிரம் கத்திக்கொண்டு ஓடிவந்தார். அவரை நெஞ்சில் மிதித்து ரோட்டில் தள்ளினார்கள்.

கையில்லாத மெக்கானிக் என்ன செய்வான்? வீட்டில் மனைவி கமர் ஜஹானிடம் என்ன சொல்வேன்? அந்த வலியிலும் இதுதான் ஓடியது. என்ன நடந்தது என்று தெரியாமல் இந்தக் கையைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

"அண்ணே," என்று அன்புச்செல்வனைப் பார்த்துக் கத்தினேன். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மிதிச்சப்ப பெடலு உள்ள போச்சா, போவலியா?"

"பேசாத நாயே!" பூமாலை இன்னும் கால்வாசி சுற்றினான்.

"சொல்லுங்கண்ணே! உள்ள போச்சா?"

அன்புச்செல்வன் என்னைப் பார்க்கவில்லை. "போவல," என்றார். "ஏறி நின்னு மிதிச்சேன். கல்லு மாரி நின்னுச்சி. வண்டி போய்க்கினே இருக்குது."

பிரேக் ஆயில் ஒழுகியிருந்தால், காற்றுப் புகுந்திருந்தால், பெடல் தொளதொளவென்று தரை வரை உள்ளே போகும். என் வேலை தப்பாகியிருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். கல் மாதிரி பாதியில் நின்றது என்றால், அடியில் எதுவோ தடுத்திருக்கிறது. என் கண் தானாக அவருடைய வெறுங்காலுக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை சாவியை வாங்கிக்கொண்டு அவர் கதவைத் திறந்ததும் வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றி, சீட்டுக்கு முன்னால் உள்ளேயே வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறினார். நம் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். வண்டி அவர்களுக்குச் சாமி, செருப்புக் காலால் மிதிக்க மாட்டார்கள். மேட்டில் ஏறும்போது அந்தச் செருப்பு சீட்டுக்கு அடியில் கிடக்கும். மலை இறங்கும்போது முன்னால் சறுக்கி வரும்.

"உங்க செருப்பு எங்கண்ணே?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். காலையிலிருந்து வெறுங்காலோடு நடக்கிறோம் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெல்லத் திரும்பிக் காரைப் பார்த்தார். அந்த முகம் போன போக்கைப் பூமாலையும் பார்த்துவிட்டான்.

பூமாலை கைப்பிடியை விட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தான். டிரைவர் கதவு மடங்கி இறுகியிருந்தது. நாலு நெம்பு நெம்பிப் பிய்த்தெறிந்தான். உள்ளே குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கையில் தடித்த அடி வைத்த ரப்பர் செருப்பு ஒன்று இருந்தது. பெடலுக்கும் தரைக்கும் நடுவில் சிக்கி, குதிகால் பக்கம் இரண்டாக மடிந்து, பெடலின் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

"மச்சான்..." என்றார் அன்புச்செல்வன்.

பூமாலை அந்தச் செருப்பாலேயே அவர் முகத்தில் அறைந்தான். அறைந்துகொண்டே இருந்தான். மூக்கு உடைந்து சட்டை நனைந்தது. அன்புச்செல்வன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. "அடி மச்சான், அடி," என்று மட்டும் சொல்லிக்கொண்டு மண்டியிட்டார். கூட வந்தவர்கள் நடுவில் புகுந்தார்கள். பூமாலை மறுபடி கடப்பாரையை எடுத்துச் சுழற்றிய சுழற்றில் ஒருவனுக்குத் தோள் இறங்கியது. மற்றவர்கள் விலகி ரோட்டுக்கு ஓடினார்கள். கடப்பாரை அன்புச்செல்வனின் முதுகில் விழுந்தது. இரண்டாவது தடவை விழுந்தபோது அவர் சத்தமே போடவில்லை.

என்னை உதைத்த கால் மண்ணில் துடிப்பதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும், இருந்தது. கை வைஸில் மாட்டியிருக்க, வேடிக்கை பார்த்தேன். பூமாலை மூன்றாவது தடவை தலையைக் குறிவைத்துக் கடப்பாரையை ஓங்கினான். அப்போதுதான் கை ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தை ஞாபகம் வந்தது. அதற்கு மிச்சமிருப்பது இந்த ஒருவர்தான்.

"நான் பாத்தேன்!" என்று கத்தினேன். "செவ்வாக்கெழமையே பாத்தேன். செருப்ப உள்ள கயட்டி வச்சத நான் பாத்துக்கினுதான் இருந்தேன்!"

கடப்பாரை மேலேயே நின்றது.

உண்மையில் வார்த்தை அன்று நாக்கு நுனி வரை வந்தது. செருப்பைப் பின்னால் போடுங்கள் என்று சொன்னால் போதும். பாய் வந்து நம் சாமி விஷயத்தில் வாய் வைக்கிறான் என்று அவர் நினைத்துவிட்டால்? நல்ல வாடிக்கை, ஏன் கெடுத்துக்கொள்வது என்று சிரித்துக்கொண்டு கையசைத்து அனுப்பிவைத்தேன். இதை நான் வெளியே சொல்லியிருக்கவே வேண்டாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

பூமாலை என்னிடம் வந்தான். "அது ஆபத்துன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்ணே."

கடப்பாரையைக் கீழே போட்டான். வைஸின் கைப்பிடியைப் பிடித்தான். எந்தப் பக்கம் சுற்றுவது என்று அவனுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே உள்பக்கமாக முழுதாக ஒரு சுற்று சுற்றினான். மோதிர விரலும் நடுவிரலும் சேர்ந்து நொறுங்கின. எனக்கு வேண்டியதுதான் என்று வாயை மூடிக்கொண்டேன் என்றால் பொய். பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்படி அலறினேன்.

பிறகு அவனே எதிர்ப்பக்கம் சுற்றிக் கையை எடுத்துவிட்டான். தரையில் உட்கார்ந்து, அந்த மடிந்த செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். மண்ணில் கிடந்த அன்புச்செல்வன் முனகிக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்த, பாய்," என்றான் பூமாலை. "அன்னிக்கி ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா?"