கோழியிடம் சொன்னது

ஒன்பது நாளாக என் மனைவி என்னோடு பேசவில்லை. கோழியோடு பேசிக்கொண்டிருந்தாள். எனக்குச் சேர வேண்டிய வசவு அத்தனையும் அதன் தலையில்தான் இறங்கியது. கொஞ்சம் மானமுள்ள கோழியாக இருந்திருந்தால் மூன்றாம் நாளே சுவரேறிக் குதித்து ஓடியிருக்கும்.

காரணம் வெள்ளச்சி. கொல்லையில் எங்களுக்கு இருந்தவை இரண்டே கோழிகள். ஒன்று வெள்ளச்சி, மற்றது செவலை. ஒரு நாள் சாயங்காலம், "வெள்ளச்சி சரியில்லங்க. ஒதுங்கி ஒதுங்கி நிக்குறா" என்றாள் மனைவி.

நான் முப்பத்து மூன்று வருடம் லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் ஒன்றுகூட விழுந்ததில்லை. நான் உள்ளே கால் வைத்தாலே அவை பயந்துபோய் ஒழுங்காக ஓடும். அதே தோரணையில் கொல்லைக்குப் போனேன். கோழியை இரண்டு சுற்று நடக்கவிட்டேன். "நல்லாத்தானே ஓடுது? ஒனக்கு எதையாவது சொல்லிட்டே இருக்கணும்" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு வந்து படுத்தேன்.

விடிந்தபோது வெள்ளச்சி கூண்டுக்குள் இரண்டு காலையும் நீட்டி விறைத்துக் கிடந்தது.

"உங்க கையெழுத்து விழுந்தா பிணம்கூட எழுந்து நடக்கும்னு நெனப்பு" என்றாள். என்னிடம் அவள் நேராகப் பேசிய கடைசி வாக்கியம் அது. பிறகு சமையலறைக் கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தத்தில் மூன்று தெரு தள்ளிப் பல்லி விழுந்ததாகக் கேள்வி.

எனக்கு மட்டும் கோபம் இல்லையா? மலையளவு இருந்தது. ஒரு கோழி செத்ததற்கு முப்பத்து மூன்று வருடக் கையெழுத்தை இழுப்பதா? நானும் வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் தானாக அமலுக்கு வந்தது. ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டியது எதுவானாலும் செவலையிடம் சொல்லலாம். ஆனால் செவலையிடம் சொன்னது மற்றவர் காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. காட்டிக்கொண்டால் தோல்வி.

அவள் கோழியிடம் பேச வாயைத் திறந்தால் நான் ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ரேடியோ வாங்கும் செலவே மிச்சம்.

ஆனால் உள்ளுக்குள் உதறல். செவலையும் போய்விட்டால் இவள் இந்த ஜென்மத்தில் என்னோடு பேச மாட்டாள். ஆகவே ஐந்தாம் நாள் நூலகத்துக்குப் போய்க் கோழி வளர்ப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். கோழி கள்ளத்தனம் உள்ள பிராணியாம். நோய் வந்தால் கடைசி மூச்சுவரை மறைக்குமாம். கொண்டை வெளுத்திருக்கிறதா, இறகைச் சிலுப்பிக்கொண்டு நிற்கிறதா, எச்சம் நீர்த்துப் போகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கழுத்துக்குக் கீழே நெஞ்சோரம் தீனிப்பை. தின்றதெல்லாம் முதலில் அங்கேதான் தங்கும். ராத்திரி முழுக்கச் செரித்து, காலையில் தீனி வைக்கும் முன்பு தொட்டுப் பார்த்தால் அது காலிப் பையாகத் தொங்க வேண்டும். அப்போதும் நிறைந்திருந்தால் உள்ளே அடைப்பு.

படித்ததும் துள்ளிக் குதித்தேன். இது லிஃப்ட் கணக்கேதான்! காலையில் ஆள் ஏறும் முன்பு காலியாக ஓட்டிப் பார்ப்பதுதானே எங்கள் முதல் பாடம்?

ஆறாம் நாள் காலை ஆறு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து செவலையைத் தூக்கினேன். நெஞ்சோரம் விரலை வைத்தேன். எலுமிச்சம்பழம் அளவுக்குக் கெட்டியாக இருந்தது. புத்தகம் சொன்ன அடைப்பேதான். கீழே விட்டுத் தீனி வைத்தேன். மேசைக்கு மேலே நீட்டிய லஞ்சத்தைப் பார்க்கும் அதிகாரி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

ஏழாம் நாளும் அதேதான். ஒரு நாள் பட்டினி போட்டுத் தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொன்னது புத்தகம். அன்று மத்தியானமே தீனித் தட்டை எடுத்துப் பரணில் வைத்தேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒருத்தி போனது போதலையாம்டி. ஒன்னையும் பட்டினி போட்டு அனுப்பப் பாக்குறாங்க" என்றாள் செவலையிடம்.

"செவலை, எல்லாம் உன் நல்லதுக்குத்தான்னு அங்க சொல்லு" என்று நானும் செவலையிடமே சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தை வருவதற்குள் ரேடியோவைத் திருகினேன்.

எட்டாம் நாள் காலை தொட்டுப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் ஆரஞ்சுப் பழமாகியிருந்தது. ஒரு மணி தானியம்கூடத் தின்னாத கோழிக்கு!

மச்சினன் வந்தான். அவன் மின்சார வேலை செய்பவன். உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் அவனிடம் இரண்டே வைத்தியம் உண்டு: மாற்று, அல்லது தூக்கிப் போடு. கோழியைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"ஒண்ணுமே திங்காம வீங்குதுன்னா கட்டிதான் அத்தான். இன்னிக்கே சட்டியில போட்டுடுங்க. நாளைக்குன்னா அதுக்கும் ஆகாது."

"நீ வாய மூடிட்டு வாசல் லைட்ட மாட்டிட்டுப் போ. மூணு மாசமா மாட்டுற" என்று பாய்ந்தேன். சமையலறையில் ஒரு பாத்திரம் தரையில் மோதிப் பதினான்கு முறை உருண்டது. எண்ணினேன்.

ஒன்பதாம் நாள் காலையும் ஆரஞ்சு. மின்விசிறி வந்த அட்டைப் பெட்டியில் செவலையை வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பினேன். நான் கூப்பிடாமலே மனைவியும் செருப்பை மாட்டினாள். ஆட்டோவில் பெட்டி நடுவில், நாங்கள் ஆளுக்கொரு ஓரம். பெட்டியின் மேல் 'கவனம், உடையும் பொருள்' என்று போட்டிருந்தது. அது யாரைச் சொல்கிறது என்று பிடிபடவில்லை.

டாக்டரம்மா வயதில் சின்னவர், குரலில் பெரியவர். செவலையின் நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்.

"கடைசியா எப்ப தின்னுச்சு?"

"முந்தாநாள் மத்தியானத்தோட சரி டாக்டர். அதுக்கப்புறம் ஒரு பருக்கை கெடையாது. பச்சத் தண்ணிதான்."

"நிச்சயமா?"

"முப்பத்து மூணு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டரா இருந்தவன் டாக்டர் நான்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சார்?" என்றவர் மறுபடி அமுக்கினார். "அப்படின்னா அடைப்புதான். அறுத்துத்தான் எடுக்கணும். வயசான கோழி. மயக்க மருந்து தாங்குமான்னு உத்தரவாதம் கெடையாது. சம்மதம்னா இதுல கையெழுத்துப் போடுங்க."

காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். உள்ளறையில் உதவியாளர் தட்டில் கத்தி எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. நான் எத்தனை கையெழுத்துப் போட்டிருப்பேன்! வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வரும். இந்த ஒன்றுக்கு விரல் ஓடவில்லை. பேனா முனை காகிதத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அங்கேயே நின்றது.

மனைவி பெட்டிக்குள் குனிந்தாள்.

"வாயில்லாத ஜீவனாடி நீ? காலையில அஞ்சு மணிக்கு நாலு பிடி சோளம் தின்னியே. அது எங்க போச்சுன்னு நீயே சொல்லேன்டி."

பேசிக்கொள்ளாத சட்டமும் காதில் விழாத சட்டமும் அந்த வினாடி மளமளவென்று சரிந்தன. டாக்டரம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"யாரும்மா குடுத்தது?"

"நாந்தான்."

"இத ஏன் முதல்லயே சொல்லல?"

"இப்ப கோழிகிட்ட சொன்னேனே."

"கோழிக்குத் தெரியாதாம்மா அது தின்னது!" டாக்டரம்மா மேசையில் தட்டிய தட்டில் பேனா எகிறிக் கீழே விழுந்தது. "கத்திய எடுத்து வச்சாச்சு! இன்னும் ரெண்டு நிமிஷத்துல நல்ல கோழியோட கழுத்தத் திறந்திருப்பேன். வெளையாட்டா இருக்கா ரெண்டு பேருக்கும்?"

என் கோபம் உச்சந்தலையைப் பிளந்துகொண்டு வந்தது. அவளை நேராகப் பார்த்துக் கத்தினேன். "தினமும் குடுத்தியா? நான் ஆறு மணிக்குத் தொட்டுப் பாக்குறதுக்கு முன்னாடியே?"

"வெள்ளச்சி போன மறுநாள்லேருந்து குடுக்குறேன்!" அவளும் நேராகத்தான் கத்தினாள். "உங்கள நம்பி இவளையும் விட்டுட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்களா? தட்டத் தூக்கிப் பரண்ல வச்சீங்க, அன்னிலேருந்து ரெண்டு பிடிய நாலாக்கினேன்."

"சொல்ல வேண்டியதுதானே!"

"தினமும் கொல்லையில நின்னு தொண்ட கிழியச் சொன்னேன். அஞ்சு மணிக்கே தின்னவளுக்கு ஆறு மணிக்கு என்னடி பசிக்கும்னு. நீங்க ரேடியோவத் திருகுனீங்க! நீங்க மட்டும் சொன்னீங்களா? காலங்காத்தால வந்து அது கழுத்தப் பிசையிறீங்களே, எதுக்குன்னு ஒரு வார்த்த?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீதான் பேசலையே!"

"பேசினப்ப கேட்டீங்களா? வெள்ளச்சி ஒதுங்கி நிக்குறான்னு சொன்னேன். அன்னிக்கு என்ன பாத்தீங்க?"

வாய்க்குள் தயாராக நூறு பதில்கள் இருந்தன. எல்லாம் முதல் தரமானவை. வெளியே வந்தது வேறொன்று.

"கோழியப் பாக்கல" என்றேன். அதையும் கோபமாகத்தான் சொன்னேன். வேறு குரல் அப்போது கைவசம் இல்லை. "நீ சொன்னது தப்புன்னு காட்டணும்னுதான் போனேன். அதத்தான் பாத்தேன். போதுமா?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"மிச்சத்த வெளிய போய் வச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா. "இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல தீனி கெடையாது. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க. சேர்ந்து! காலியா இருந்தா இந்தப் பக்கமே வராதீங்க. அப்பவும் நிறைஞ்சிருந்துச்சுன்னா நிஜமாவே அடைப்புதான், அறுக்கணும்."

வீடு வரும்வரை வண்டியில் சண்டை. ஒன்பது நாள் பாக்கியை ஒரே தவணையில் தீர்த்தோம். ஓட்டுநர் இரண்டு இடத்தில் தப்பான தெருவில் திரும்பினார். வேண்டுமென்றேதான் திரும்பினார் என்று இன்றைக்கும் சந்தேகம் எனக்கு.

மறுநாள் ஐந்தரைக்கே நான் கொல்லையில். எனக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். சோளம் இல்லை. செவலையை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் இறகுக்குள் விரலை விட்டாள். தடவினாள். மறுபடி தடவினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோழியின் நெஞ்சு என் கையில் அடித்துக்கொண்டது, அல்லது என்னுடையதாகவும் இருக்கலாம்.

"சொல்லித் தொலையேன்!"

"காலி" என்றாள். கல்லை எறிவதுபோல எறிந்தாள் அந்த ஒரு வார்த்தையை.

நானும் தொட்டுப் பார்த்தேன். துவைத்துப் போட்ட துணிப்பைபோல் தொளதொளவென்று கிடந்தது. கீழே விட்டதுதான் தாமதம், செவலை என் செருப்பைக் கொத்தியது, அவள் கால்விரலைக் கொத்தியது. பரணிலிருந்து தட்டை எடுக்க நான் ஓட வேண்டியதாயிற்று.

"அந்தக் 'காலி' என்கிட்ட சொன்னதா, கோழிகிட்ட சொன்னதா?" என்று கேட்டேன், தீனியைக் கொட்டிக்கொண்டே.

"கோழிக்குத் தெரியாதா?" என்று சீறிவிட்டு உள்ளே போனாள்.