குட்டையைக் கைவிடாதே

தையல்காரியின் அளவு நோட்டுகளில் பின்பக்கங்கள் எல்லாம் குட்டைக்கு உரியவை. சனிக்கிழமைதோறும் கடைக்குப் பின்னால் இறங்கி, தண்ணீருக்குள் நிற்கும் கல்தூணில் இஞ்சு டேப்பை வைத்து ஆழம் பார்ப்பாள். தேதி போட்டு, மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே குறித்து வைப்பாள்: 'குட்டை, முப்பத்திரண்டு இஞ்சு. போன வாரத்தைவிடக் கொஞ்சம் இளைத்திருக்கிறது.' ஏழு வருடப் பழக்கம், வருடத்துக்கு ஒரு நோட்டு.

புதிய புறவழிச்சாலையின் வரைபடத்தில் அந்தக் குட்டையே இல்லை. நடுக்கோடையில் வந்த சர்வேயர், வெடித்துக் கிடந்த சேற்றைப் பார்த்து 'காலி நிலம்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தான். அதன் மேலேயே சாலைக்கோடு ஓடியது. வருடத்தில் ஆறு மாதம் தண்ணீர் நின்றால் அது நீர்நிலை, சாலை விலகிப் போக வேண்டும் என்பது விதி. தையல்காரி ஏழு நோட்டுகளையும் கட்டி எடுத்துக்கொண்டு அவன் அலுவலகத்துக்கே போனாள்.

அவன் ஒரு மணி நேரம் வாசித்தான். 'நல்ல மழை. குட்டை சதை போட்டிருக்கிறது' என்ற இடத்தில் சிரித்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை பேன்ட்டை மடித்துவிட்டுத் தானே இறங்கிச் சரிபார்த்தான். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தான்.

"அளவு சரியாத்தானே இருந்துச்சு?" என்றாள் அவள்.

"ஒரு தடவை பார்த்தா போதாதுங்க."

"எத்தனை தடவை பார்க்கணும்?"

அதற்கு அவனிடம் விதி எதுவும் இல்லை.

மேலதிகாரியோ, தப்பை ஒப்புக்கொண்டால் வேலைக்கே ஆபத்து, வெள்ளிக்கிழமை நடக்கும் சாலை விசாரணையில் வாயைத் திறக்காதே என்று எச்சரித்தார். மனம் தாளாமல் அவன் அம்மாவுக்குப் போன் செய்தான்.

"குட்டையை மறந்துடுங்கறாங்கம்மா. என்னால முடியல. சனிக்கிழமையானா காலு தானா அங்கதான் போகுது."

ஐந்து வருடமாக அவனுக்குப் பெண் தேடிக் களைத்திருந்த அம்மா, மறுபேச்சில்லாமல் பஸ் ஏறினாள்.

விசாரணைக் கூடத்தின் வாசலில் தையல்காரி தைத்த துணிப் பதாகை தொங்கியது: 'குட்டையைக் கைவிடாதே'. மகனைத் தேடி அங்கே வந்த அம்மாவுக்குப் பகீரென்றது. விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறதே. பக்கத்து நாற்காலியில் இருந்த தபால்காரரிடம், குட்டை எப்படி என்று மெல்ல விசாரித்தாள்.

"தங்கமான குட்டைம்மா. வெயில் காலத்துல கொஞ்சம் வாடிப்போகும். மழை வந்தா பழையபடி ஆயிடும்."

பாவம், வெயில் ஒத்துக்கொள்ளாத உடம்பு போலிருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

விசாரணை அதிகாரி, சர்வேயர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். அவன் தயங்கியபடி எழுந்தான். அதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து அம்மா எழுந்துவிட்டாள்.

"நான் அவனைப் பெத்தவங்க. குட்டை குள்ளமா இருந்தா என்ன, எங்க வீட்டுக்குப் பிடிச்சிருக்கு. என் பையன் கைவிட மாட்டான்."

கூடமே சிரிப்பில் குலுங்கியது. சர்வேயரின் காதுகள் சிவந்தன. மானமே போய்விட்டது, இனி வேலை போனால்தான் என்ன என்று அவனுக்கு ஒரு துணிச்சல் வந்தது.

"நான் கோடையில வந்து தப்பா எழுதிட்டேன் சார். அது காலி நிலம் இல்ல, குட்டை. அளவெல்லாம் இவங்க நோட்டுகள்ல இருக்கு. நானும் இறங்கிப் பார்த்துட்டேன்."

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டுகளைப் புரட்டினார். எந்த வருடமும் எட்டு மாதத்துக்குக் குறைவாகத் தண்ணீர் நின்றதில்லை. பென்சிலை எடுத்தார். சாலைக்கோடு குட்டையைச் சுற்றி வளைந்தது.

வெளியே வந்ததும் அம்மா, "எங்கடா அந்தக் குட்டை?" என்றாள். அவன் தையல்கடைக்குப் பின்னால் பளபளத்த தண்ணீரைக் காட்டினான். அம்மா அதைப் பார்த்தாள். தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு மகனின் கண் தண்ணீரில் இல்லாமல் வேறெங்கோ போவதையும் பார்த்தாள். அங்கே, அவனைவிட அரைச்சாண் உயரமாக, கழுத்தில் இஞ்சு டேப்போடு தையல்காரி நின்றாள்.

அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"மன்னிச்சுக்கோ கண்ணு. சபையில உன்னைக் குள்ளம்னு சொல்லிட்டேன்."

"அதை மட்டும் திருத்திக்கலாங்க," என்றாள் தையல்காரி. "மத்ததெல்லாம் சொன்னபடியே இருக்கட்டும்."